குடித்தவர், தெரு, காவல் நிலையம்

1860-இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் 510 என்று ஒரு சிறிய பிரிவு இருந்தது. குடிபோதையில் பொது இடத்துக்கு வந்தோ, நுழைய உரிமையில்லாத இடத்தில் நுழைந்தோ பிறருக்குத் தொல்லை கொடுப்பவருக்கு 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 10 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பத்து ரூபாயை யாரும் மாற்றவில்லை. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 355-ஆம் பிரிவாக இடம்பெற்றது. அபராத வரம்பு 1,000 ரூபாயாக உயர்ந்தது, சமூக சேவை என்ற புதிய தண்டனையும் சேர்ந்தது. உள்ளடக்கம் பழையதுதான். குடித்திருப்பது தனியாகக் குற்றமாகாது. குடித்தவர் யாருக்காவது தொல்லை கொடுத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இரவு ரவுண்ட்ஸ் போகும் காவலர் இந்தப் பிரிவை அதிகம் நாடுவதில்லை. இதன் கீழ் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வேறு சட்டங்கள் இருக்கின்றன. சென்னை என்றால் 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். அதன் 75-ஆம் பிரிவு பொது இடத்தில் குடிபோதையையும் ரகளையையும் தண்டிக்கிறது. 'செவன்டி ஃபைவ் போடு' என்றால் காவல் நிலையத்தில் எல்லோருக்கும் புரியும். மாநிலம் முழுவதற்கும் பொதுவானது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். அதன் 4-ஏ பிரிவுக்குத் தொல்லையும் தேவையில்லை, ரகளையும் தேவையில்லை. பொது இடத்தில் போதை நிலையில் காணப்பட்டாலே குற்றம் முழுமையாகிவிடுகிறது.

ஒரே தெருவில் ஒரே ஆளுக்குப் பொருந்தும் இந்தச் சட்டங்கள் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. தண்டனைச் சட்டம் கேட்பது 'என்ன செய்தார்?' என்று. மதுவிலக்குச் சட்டத்துக்கு 'எந்த நிலையில் இருந்தார்?' என்பதே போதும். பொது இடக் குடிபோதையைப் பற்றிப் பல நாடுகளில் நானூறு ஆண்டுகளாக நடந்துவரும் வழக்காடல் இந்த இரண்டு கேள்விகளுக்கு இடையில்தான். முதல் கேள்வி காவல்துறைக்கு உரியது. இரண்டாவது மருத்துவருக்கு உரியது. இரண்டையும் ஒரே காவலரிடம், அதுவும் நள்ளிரவில், ஒரு லத்தியோடும் ஒரு பூட்டிய அறையோடும் ஒப்படைத்ததால் வந்த தீங்கு பெரிது. அதைத்தான் இங்கே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் 1606-இல் வந்த சட்டம் குடிபோதையைப் பாவம் என்று பெயர் சொல்லியே தண்டித்தது. ஐந்து ஷில்லிங் அபராதம். கட்ட முடியாதவரை ஆறு மணி நேரம் கால்களை மரச்சட்டத்தில் பூட்டி ஊர் பார்க்க உட்கார வைத்தார்கள். 1872-இன் மதுக்கடை உரிமச் சட்டம் பாவப் பேச்சை விட்டுவிட்டுத் தெருவின் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டது. சாலையிலும் பொது இடத்திலும் போதையில் இருப்பதை அது குற்றமாக்கியது. போதையோடு குதிரை, மாடு, நீராவி இயந்திரம் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்திருப்பதும் அதே பிரிவில் வரும். அந்தப் பிரிவு அங்கே இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

நம் கதை வேறு வழியாக வந்தது. சென்னை மாகாணத்தில் 1886-ஆம் ஆண்டு அப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் அரசின் வருமானமாக வைத்திருந்தது. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது அந்த வருமானத்தை விட்டுக்கொடுத்தார். இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. மதுவே கூடாது என்ற ஆட்சியில், போதையில் காணப்படுவதைத் தண்டிக்கும் பிரிவுக்கு நேரான தர்க்கம் இருந்தது. விற்பதும் வாங்குவதும் குடிப்பதும் குற்றம் என்றால், தெருவில் போதையோடு நிற்பவரின் உடலே ஏற்கெனவே நடந்த குற்றத்துக்குச் சாட்சி.

அந்த ஆட்சிமுறை போய்விட்டது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, சில ஆண்டுகளில் திரும்பியது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் உருவானது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24-இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. விற்பனைக்கு வேண்டிய விதிகளை எல்லாம் புதிதாக எழுதிக்கொண்டார்கள். குடித்தவரின் உடலைக் குற்றத்தின் சாட்சியாகப் பார்க்கும் பிரிவை மட்டும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அரசே விற்ற பொருளைக் குடித்ததால் ஒருவர் இருக்கும் நிலையை அரசே குற்றம் என்கிறது. இந்த முரணை அரசியல் மேடையில் கட்சிகள் ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொள்வதோடு விட்டுவிடுகிறார்கள். அன்றாடம் அதை அனுபவிப்பவர் யார் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. பார் இல்லாத கடையில் வாங்கியவர் அங்கேயே நின்று குடிக்கக் கூடாது. ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போது அங்கேயும் குடிக்க முடியாது. அப்போது அவர் போவது ஏரிக்கரைக்கு, காலி மனைக்கு, ரயில் பாதையோரத்துக்கு. குவார்ட்டரை அவசரமாக, பெரும்பாலும் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு வீட்டை நோக்கி நடக்கும் நேரத்தில்தான் அவர் 'பொது இடத்தில் போதை நிலையில்' காணப்படுகிறார். கிளப்பில் அதே அளவு குடித்தவர் காரின் பின்னிருக்கையில் வீடு போய்ச் சேர்கிறார். சட்டத்தின் வாசகத்தில் ஏழை, பணக்காரர் என்ற பிரிவு எங்கும் இல்லை. சுவர் இருப்பவர், சுவர் இல்லாதவர் என்ற பிரிவு இருக்கிறது. நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த இடத்தை 1968-இல் மிக அருகில் வந்து பார்த்தது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஷூ பாலிஷ் போட்டு வாரம் 12 டாலர் அளவில் சம்பாதித்த பவல் என்பவர் 1966 டிசம்பரில் பொது இடத்தில் போதையில் இருந்ததாகக் கைதானார். அபராதம் 20 டாலர். மேல்முறையீட்டில் 50 டாலர். அதற்கு முன் அதே குற்றத்துக்காக ஏறத்தாழ நூறு முறை தண்டனை பெற்றிருந்தார். குடி நோயாளியை அவருடைய நோயின் அறிகுறிக்காகத் தண்டிப்பது கொடுமையான தண்டனை என்று அவர் தரப்பு வாதிட்டது. போதைப் பழக்கத்துக்கு அடிமையாக இருப்பதை மட்டுமே குற்றமாக்க முடியாது என்று 1962-இல் ராபின்சன் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருந்ததால் அந்த வாதத்துக்கு வலு இருந்தது. ஆனாலும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பவல் தோற்றார்.

பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி வைட் தனியே எழுதியதுதான் எனக்கு இந்த வழக்கின் உயிர்நாடியாகப் படுகிறது. குடிக்காமல் இருக்க முடியாதவர், போக வீடும் இல்லாதவர் என்றால் அவர் தெருவில் குடித்தாக வேண்டும். அவரைத் தெருவில் இருந்ததற்காகத் தண்டிப்பது நியாயமாகாது என்ற கருத்துக்கு அவர் இடம் கொடுத்தார். பவலுக்கு வீடு இருந்தது, அன்று அவர் ஏன் தெருவுக்கு வந்தார் என்பதற்குப் பதில் இல்லை, அதனால் தண்டனை நிற்கும் என்றார். அதாவது, கடைசி வாக்கு ஒரு வீட்டுக் கதவைப் பொறுத்துத் திரும்பியது.

இனி நிரூபணத்துக்கு வருவோம். ஒருவர் போதையில் இருந்தார் என்று எப்படித் தெரியும்? வாகன ஓட்டிக்குச் சட்டம் தெளிவான பதில் வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்று கோடு போட்டிருக்கிறது. ஊதச் சொல்லிக் கருவியில் பார்க்கலாம், ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 185-இன் கீழ் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் உண்டு. தண்டனை கடுமையானது, ஆனால் எண் இருக்கிறது. அந்த எண்ணோடு நீதிமன்றத்தில் வாதிட முடியும்.

நடந்து போகிறவருக்கு எண் இல்லை. 'போதை நிலை' என்பதற்கு இத்தனை மில்லிகிராம் என்ற வரம்பு கிடையாது. வாடை, கண் சிவப்பு, நாக்குக் குழறல், நடைத் தள்ளாட்டம் என்று காவலர் எழுதுகிறார். இவை போதாது என்று உச்ச நீதிமன்றம் 1971-இலேயே சொல்லிவிட்டது. மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு விபத்து வழக்கில், மூச்சில் வாடை அடித்தது, நடை நிலையில்லை, பேச்சு தெளிவில்லை, கண்மணி விரிந்திருந்தது என்பதை மட்டும் வைத்து ஒருவர் மது அருந்தியிருந்தார் என்ற முடிவுக்கு வர முடியாது என்று தீர்ப்பு. ரத்தமோ சிறுநீரோ பரிசோதிக்கப்படவில்லை என்பதே அங்கே விழுந்த ஓட்டை.

அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் மருத்துவர் செய்யும் சோதனை காவலரின் பார்வையை விட நுட்பமானது. நேர்கோட்டில் நடக்கச் சொல்வார், கண்ணை மூடி மூக்கு நுனியைத் தொடச் சொல்வார், எழுதச் சொல்வார், கண்மணியைப் பார்ப்பார். மூன்று முடிவுகளில் ஒன்றைச் சான்றிதழில் எழுதுவார்: மது அருந்தவில்லை, அருந்தியிருக்கிறார் ஆனால் அதன் பிடியில் இல்லை, அருந்தியிருக்கிறார், அதன் பிடியிலும் இருக்கிறார். நடுவில் இருக்கும் அந்த இரண்டாவது முடிவுதான் தெருவில் நடப்பவர்களில் எத்தனையோ பேரைக் காப்பாற்ற வேண்டியது. ரத்தம் எடுக்கும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, மாதிரி கெடாமலிருக்க சோடியம் ஃபுளூரைடு சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான அபராதத்தில் முடியப்போகும் வழக்குக்கு இவ்வளவையும் யாரும் செய்வதில்லை. நேரமும் எதிராக ஓடுகிறது. உடல் மணிக்குச் சராசரியாக 100 மில்லி ரத்தத்துக்கு 15 மில்லிகிராம் அளவில் ஆல்கஹாலைக் கரைத்துவிடுவதால், கைதுக்கும் பரிசோதனைக்கும் இடையே நான்கு மணி நேரம் போனால் சான்றே மாறிவிடும்.

நிரூபணம் இல்லாத இடத்தை அதிகாரம் நிரப்புகிறது. கேரளத்தில் 2013-இல் ஒரு கிராம உதவியாளரைக் குற்றவாளி ஒருவரை அடையாளம் காட்டக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். வந்த இடத்தில் அவர் மேலேயே போதையில் வந்ததாக வழக்குப் பதிந்தார்கள். 2021-இல் கேரள உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. மது வாடை அடிப்பது மட்டும் போதையாகாது, யாருக்கும் தொல்லை தராமல் தனியிடத்தில் குடிப்பது குற்றமாகாது என்று சொன்னது. கேரளக் காவல் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, போதையில் தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலையைக் கேட்கிறது. வெறும் வாடையை அல்ல. அந்த மனிதர் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார், உயர் நீதிமன்றம் வரை போகும் திராணியும் அவருக்கு இருந்தது. தெருவில் பிடிபடும் கூலித் தொழிலாளி காலையில் மாஜிஸ்திரேட் முன் நிற்கிறார், ஒப்புக்கொள்கிறார், கட்டுகிறார், வேலைக்கு ஓடுகிறார். மறுத்தால் இன்னும் நான்கு வாய்தா, நான்கு நாள் கூலி. அவர் ஒப்புக்கொண்டதைக் குற்றத்துக்கான சான்றாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெட்டி கேஸ் என்பதன் இன்னொரு பயனை நீதிமன்ற வளாகங்களில் வெளிப்படையாகவே பேசிக்கொள்கிறார்கள்: மாதக் கணக்கு. நிலையம் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று மேலிடத்துக்குக் காட்ட எண்ணிக்கை வேண்டும். டாஸ்மாக் கடையிலிருந்து முந்நூறு அடி தள்ளி நின்றால் எண்ணிக்கை தானாக வரும். காவலரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கொடுத்த சட்டம் அப்படி.

இதுவரை சொன்னது அநீதி. இனிச் சொல்வது உயிர் தொடர்பானது.

2017 டிசம்பர் 5 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், எச்சூக்காவிலிருந்து மெல்போர்ன் போகும் ரயிலில் டான்யா டே என்ற 55 வயதுப் பெண் தூங்கிக்கொண்டிருந்தார். யோர்ட்டா யோர்ட்டா பழங்குடியைச் சேர்ந்தவர். யாரையும் அவர் தாக்கவில்லை. நடத்துநர் போலீசை அழைத்தார்; காசல்மைன் நிலையத்தில் இறக்கி, பொது இடத்தில் போதையில் இருந்த குற்றத்துக்காகக் கைது செய்து, தெளியட்டும் என்று அறையில் அடைத்தார்கள். உள்ளே அவர் பலமுறை விழுந்தார்; ஒரு விழுகையில் தலையில் பட்ட அடி மூளையில் ரத்தக்கசிவாகியது. முறைப்படி அறைக்குள் போய்ப் பார்த்திருக்க வேண்டிய சோதனைகள் சரியாக நடக்கவில்லை. 17 நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். 2020-இல் மரண விசாரணை அதிகாரி, கைது செய்யாமல் இருந்திருந்தால் இந்த மரணம் நிகழ்ந்திருக்காது என்றும், நடத்துநர் போலீசை அழைத்த முடிவில் அவர் பழங்குடியினர் என்பது பங்கு வகித்தது என்றும் பதிவு செய்தார்.

இதில் நெஞ்சை அறுப்பது, எல்லாம் முன்பே சொல்லப்பட்டிருந்தது என்பதே. காவலில் இறந்த 99 பழங்குடியினரின் மரணங்களை ஆராய்ந்த அரச ஆணையம் 1991-இலேயே பொது இடக் குடிபோதை என்ற குற்றத்தை நீக்கச் சொல்லியிருந்தது. அந்த 99 பேரில் ஒருவர் டான்யா டேயின் மாமா ஹாரிசன் டே. அவரும் அதே குற்றத்துக்காகப் பிடிபட்டவர். விக்டோரியா அந்தப் பரிந்துரையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2023 நவம்பர் 7 அன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள்!

ஆஸ்திரேலியாவில் நிறவெறி உண்டு, நம்மூரில் இது பொருந்தாது என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாத ஒரு மருத்துவ உண்மை இங்கே இருக்கிறது. போதையைப் போலவே தோன்றும் நிலைகள் பல: தலைக்காயம், பக்கவாதம், வலிப்புக்குப் பின் வரும் மயக்கம், சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று சர்க்கரை இறங்குவது. சர்க்கரை இறங்கியவர் குழறுவார், வியர்ப்பார், முரண்டு பிடிப்பார், அடிக்கக் கூட வருவார். அதோடு அன்று ஒரு கட்டிங்கும் போட்டிருந்தால் வாடையும் அடிக்கும்; அப்போது 'குடிச்சிட்டு மட்டையாயிட்டான்' என்ற முடிவை யார் சந்தேகிப்பார்கள்? குடித்தவருக்குத் தலையில் அடிபடும் வாய்ப்பு அதிகம், ரத்தத்தில் சர்க்கரை இறங்கும் வாய்ப்பும் அதிகம் என்பதால் ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்றும் ஆகாது. ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது. லாக்கப்பில் இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனால் உடலுக்குள் போன முதல் சில மணி நேரம் சாதாரணப் போதையைப் போலவே தோன்றும்; கண் மங்குவதும் மூச்சு திணறுவதும் பிறகுதான். அந்த முதல் மணி நேரங்களில் ஒருவரைத் தூங்கித் தெளியட்டும் என்று விடுவது, காவல் நிலையத்தில் என்றாலும் திண்ணையில் என்றாலும், சிகிச்சைக்கான நேரத்தைப் பறிப்பது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு சட்டப்பேரவை கள்ளச்சாராயத்துக்கான தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தியது. போதையில் கிடப்பவரை முதலில் யார் பார்க்க வேண்டும் என்ற கேள்வி தொடப்படவில்லை.

குற்றம் என்பதை நீக்கிவிட்டால் என்ன நடக்கும்? அமெரிக்க அனுபவம் நீளமானது, கலவையானது. 1965-இல் அங்கே குடிபோதைக் கைதுகள் 20 லட்சம். எல்லாக் கைதுகளிலும் மூன்றில் ஒன்று. குடியரசுத் தலைவர் நியமித்த ஆணையம் 1967-இல் இந்த எண்ணை முன்வைத்து, போதையில் இருப்பது தனிக் குற்றமாக இருக்கக் கூடாது என்றது. 1971-இல் மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டம் ஒன்று தயாரானது: போதையில் தவிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகலாம், அதைக் கைதாகப் பதியக் கூடாது. பல மாநிலங்கள் ஏற்றன. ஆனால் படுக்கைக்குப் பணம் ஒதுக்காத இடங்களில் பழைய ஆட்கள் வேறு பிரிவுகளில் மறுபடி லாக்கப்புக்கு வந்தார்கள். டெக்சாஸ் குற்றத்தை நீக்கவே இல்லை. இன்றும் 500 டாலர் வரை அபராதம் உண்டு. ஆனால் கைது செய்வதற்குப் பதில் பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவரிடம் ஒப்படைக்கக் காவலருக்கு அதிகாரம் இருக்கிறது. ஹூஸ்டன் நகரம் 2013-இல் போதை தெளியும் மையம் ஒன்றைத் திறந்தது. அங்கே கொண்டுவிடப்படுபவர் மேல் வழக்கில்லை. சில மணி நேரம் கண்காணிப்பில் படுத்திருந்து, விரும்பினால் ஆலோசகரோடு பேசிவிட்டுப் போகலாம். சட்டம் மாறியும் படுக்கை இல்லாத ஊரை விட, சட்டம் மாறாமல் படுக்கை இருக்கும் ஊர் மேல் என்பதை ஹூஸ்டனிடமிருந்து கற்கலாம்.

மருத்துவம் என்ற பெயரை ஒட்டிவிட்டால் எல்லாம் நல்லதாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. பவல் வழக்கில் நீதிபதி தர்குட் மார்ஷல் சொன்ன எச்சரிக்கை கூர்மையானது: சிறைக்காவது நாள் கணக்கு உண்டு, 'சிகிச்சை' என்று சொல்லி அடைத்தால் எப்போது விடுவார்கள் என்றே தெரியாது. ரஷ்யாவின் துலா நகரில் 1902-இல் ஒரு மருத்துவர் தொடங்கிய போதை தெளியும் விடுதி, 1940-இல் சோவியத் உள்துறையின் கைக்குப் போனது. பிறகு அது அபராதம் வாங்கும், வேலையிடத்துக்குத் தகவல் அனுப்பும் காவல் நிறுவனமாகிவிட்டது. தமிழ்நாட்டில் சில தனியார் மறுவாழ்வு மையங்களில் நோயாளியைக் கட்டிப்போடுவதும் அடிப்பதும் செய்தியாவதைப் பார்க்கிறோம். ஆகவே யார் நடத்துகிறார்கள், எத்தனை மணி நேரம், வெளியே போகும் உரிமை உண்டா என்பதைச் சட்டத்திலேயே எழுதாமல் மையம் திறப்பது ஆபத்து.

மறு கோடியில் பீகார். 2016-இல் முழு மதுவிலக்கு வந்தபோது குடித்ததற்கே ஆண்டுக்கணக்கில் சிறை என்று விதித்தார்கள். நீதிமன்றங்கள் ஜாமீன் மனுக்களில் மூழ்கின; 2021 டிசம்பரில் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா, முன்யோசனை இல்லாத சட்டத்துக்கு உதாரணமாகவே அதைக் குறிப்பிட்டார். 2018-இலும் 2022-இலும் பீகார் பின்வாங்கியது. முதல் முறை பிடிபட்டவர் இப்போது 2,000 முதல் 5,000 ரூபாய் வரை கட்டிவிட்டுப் போகலாம்.

சிங்கப்பூர் எடுத்த வழி நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அதன் தொடக்கத்தில் ஒரு தமிழரின் சாவு இருக்கிறது. 2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். கூட்டம் கொதித்து வண்டிகளுக்குத் தீ வைத்தது. முன்னாள் நீதிபதி பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, மதுவும் அதற்கு ஒரு காரணம் என்றது. 2015 ஏப்ரல் 1 முதல் தீவு முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பது தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதி முழுவதும் தடை. நேரத்தையும் இடத்தையும் வரையறுக்கும் சட்டம், உடலின் நிலையை அளக்கும் சட்டத்தை விடத் தெளிவானது. கையில் திறந்த பாட்டில் இருக்கிறதா இல்லையா என்று எவரும் பார்த்துச் சொல்லலாம். ஆனால் கடுமையான வரையறை விழுந்தது, ஆறு நாள் கட்டட வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களோடு உட்கார அந்த ஒரு பேட்டையை மட்டுமே வைத்திருந்தவர்கள் மேல். சுவர் இல்லாதவர் கதைதான் அங்கேயும்.

இந்த வாதத்துக்கு வரும் கடினமான எதிர்ப்பு பெண்களிடமிருந்து வருகிறது, வர வேண்டும். டாஸ்மாக் கடை இருக்கும் தெருவில் இரவு எட்டு மணிக்கு டியூஷன் முடிந்து வரும் மகளை அழைத்துவரத் தாய் போய் நிற்க வேண்டியிருக்கிறது. தள்ளாடுபவர் பாவம் என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்தத் தாய் அஞ்சுவது போதையை அல்ல. கையை நீட்டுவதை, பின்னால் வருவதை, ஆபாசமாகப் பேசுவதை. அவை ஒவ்வொன்றும் தனிக் குற்றம். குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம். அப்படிச் செய்தவரை 'செவன்டி ஃபைவ்' போட்டு அனுப்புவது உண்மையில் அவருக்குச் சலுகை: பாலியல் தொந்தரவு ஒன்று, குடித்துவிட்டு ரகளை என்று சுருங்கிவிடுகிறது. வீட்டுக்குள் அடிப்பவரும் அப்படித்தான். மனைவி 100-க்கு அழைக்க, போலீஸ் வந்து அவரை இரவு நிலையத்தில் உட்கார வைத்துக் காலையில் அனுப்பினால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆணை எதுவும் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போகிறது. அவமானப்பட்டுத் திரும்பும் கணவர் மட்டும் கிடைக்கிறார்.

தவிரவும், தமிழ்நாட்டுப் பெண்கள் தெருவுக்கு வந்து கேட்டது என்ன? கடையை அகற்று என்று. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அதைக் கேட்ட பெண்கள் மேல் தடியடி நடந்ததை மாநிலமே தொலைக்காட்சியில் பார்த்தது. குடித்தவர்களைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்பது அவர்களின் முதல் கோரிக்கையாக ஒருபோதும் இருந்ததில்லை. பிடிபடுபவர் அவர்கள் வீட்டுக் கூலிக்காரர்தான், அபராதம் போவதும் அவர்கள் அடுப்பிலிருந்துதான்.

ஆகவே 4-ஏ பிரிவிலிருந்து, பொது இடத்தில் போதையில் 'காணப்படுவது' என்பதை எடுத்துவிட வேண்டும். தொல்லைக்கு 355-ஆம் பிரிவு இருக்கிறது. வண்டிக்கு 185 இருக்கிறது. அடிதடிக்கும் பாலியல் தொந்தரவுக்கும் முழு அத்தியாயங்கள் இருக்கின்றன. எஞ்சுவது தெருவோரம் கிடப்பவர், வழி தெரியாமல் சாலை நடுவில் நிற்பவர். அவரை அப்படியே விட்டுப்போகக் காவலருக்கு உரிமை இல்லை, லாரி வரும். தூக்க வேண்டும். தூக்கி எங்கே கொண்டுபோவது என்பதே கேள்வி.

அதற்கும் நம்மிடம் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதன் 100-ஆம் பிரிவின்படி, மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் அலைபவரைக் காவல் நிலையப் பொறுப்பாளர் பாதுகாப்பில் எடுத்து, கூடிய விரைவில், 24 மணி நேரத்தைத் தாண்டாமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஒருநாள் அளவுக்கு மீறிக் குடித்து விழுந்தவரை இந்த வரையறை தானாக உள்ளே கொண்டுவராது. நாள்பட்ட குடிநோயாளியைக் கொண்டுவரும். சாலையில் திரும்பத் திரும்பக் கிடைப்பவர் பெரும்பாலும் அவர்தான். மற்றவருக்கும் இதே ஏற்பாட்டை நீட்டிக்க ஒரு சிறிய திருத்தம் போதும். பாதுகாப்பில் எடுத்தல், கைது அல்ல, லாக்கப் அல்ல, நேர வரம்பு உண்டு என்ற நான்கு கூறுகளும் அங்கே தயாராக இருக்கின்றன.

நடைமுறைச் சிக்கல்களை நன்கு அறிந்தவர்கள் காவலர்களே. மருத்துவமனை அவசரப் பிரிவில் வாந்தி எடுப்பவரை, கெட்ட வார்த்தை பேசுபவரை யாரும் வரவேற்பதில்லை. இரவுப் பணியில் இருக்கும் இரண்டு காவலரில் ஒருவர் அங்கே விடியும் வரை உட்கார்ந்தால் நிலையம் காலி. அதனால்தான் லாக்கப் வசதியாகப் படுகிறது. இதை மாற்ற வேண்டுமானால் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில், முதலில் பெரிய ஊர்களில், சம்பள நாளான சனிக்கிழமை இரவுகளிலாவது, பொது வார்டிலிருந்து தள்ளி நான்கைந்து படுக்கைகளும் ஒரு செவிலியரும் ஒரு ஆண் உதவியாளரும் வேண்டும். காவலர் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உடனே திரும்ப முடிய வேண்டும். டாஸ்மாக் வருவாயில் இதற்கான செலவு கண்ணுக்கே தெரியாது.

அது வரும்வரை, நிலையத்துக்குள் கொண்டுவரப்படும் போதையாளருக்காக ஒரு பக்கப் படிவம் இன்றே போட முடியும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, டி.ஜி.பி.யின் ஒரு சுற்றறிக்கை போதும். உள்ளே வந்த நேரம், தலையில் காயம் உண்டா, சர்க்கரை நோய் மாத்திரையோ அட்டையோ சட்டைப் பையில் இருக்கிறதா, எங்கே என்ன குடித்தார். பிறகு அரை மணிக்கு ஒருமுறை, கம்பிக்கு வெளியே நின்று பார்க்காமல் உள்ளே போய்த் தட்டி எழுப்பி: பெயர் சொல்கிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா, ஒருக்களித்துப் படுத்திருக்கிறாரா. எழுப்பி எழவில்லை என்றால் 108. அந்தப் படிவத்தில் கடைசிக் கையெழுத்து, விடுவிக்கும்போது அவரை அழைத்துப் போக வந்தவருடையது.